உன் குரலில் நாலு விநாடி

சவுந்தரம்,

இந்தக் கடிதம் நேராக உன் கைக்கு வந்து சேராது. நீ எங்கே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. ஹைதராபாத் என்கிறார்கள், பெங்களூர் என்கிறார்கள். நடிப்பையே விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறாய் என்று ஒரு யூடியூப்காரர் சொல்கிறார். அதே ஆள் போன மாதம் நீ செத்துப்போய்விட்டதாகவும் சொன்னார், அப்புறம் மன்னிப்புக் கேட்டார். உன் பழைய நம்பரைப் போட்டால் அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் பதிவுக் குரலில் சொல்கிறாள். ஆறு வருடமாக அவளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிப்பார்கள். அதில் ஒருவராவது உன்னிடம் வந்து, உங்கள் அப்பா என்னமோ எழுதியிருக்கிறாரே என்று சொல்லாமலா போவார்? ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். சினிமாக்காரர்கள் உனக்கு வைத்த பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. தாடிக்கொம்புப் பெருமாளிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை என்று உன் அம்மா வைத்த பெயர் சவுந்தரம். எனக்கு அது போதும்.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது, ஆத்தா. இடது கண் போன வருடமே போய்விட்டது. வலது கண்ணைப் பற்றி மதுரையில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இன்னும் எம்புட்டு நாளைக்கும்மா தாங்கும்?” என்றேன். “சொட்டு மருந்த நேரத்துக்கு விடுங்கய்யா” என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நேரே இருப்பது மட்டும் ஒரு குழாய்க்குள் தெரிகிற மாதிரி தெரிகிறது. பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. பழைய திருவிழா நோட்டீஸ்களின் பின்பக்கத்தில், போர்டு எழுதுகிற தடிமனான பேனாவால், தாளுக்கு ஏழெட்டு வரி என்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு நாளாக எழுதுகிறேன்.

கண் போகிறதே, வந்து பார்த்துக்கொள் என்று உன்னைக் கூப்பிடுவதற்காக இது இல்லை. எனக்குச் சோறு பொங்கத் தெரியும், ஒரு வெஞ்சனம் வைக்கத் தெரியும். நாகல் நகர் வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டே எல்லா இடத்துக்கும் போய்வந்துவிடுவேன். என் பயம் வேறு. நீ பத்தொன்பது படத்தில் நடித்திருக்கிறாய். நீ என்னோடு பேசாத இந்த ஆறு வருடமும் நான் அந்தப் பத்தொன்பது படத்துக்குள்தான் குடியிருந்தேன். அத்தனையிலும் முகம் உன்னுடையது, குரல் வேறொரு பெண்ணுடையது. பார்க்கிறவரைக்கும்தான் அதில் நீ இருக்கிறாய். கண் இருட்டிவிட்டால் டிவியிலிருந்து எனக்குக் கேட்கப்போவது யாரோ ஒரு அம்மாவின் பேச்சு. பத்தொன்பது படத்திலிருந்தும் என் மகள் ஒரே நாளில் காணாமல் போய்விடுவாள். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. செய்தவன் நான். அதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆத்தூரில் திருவிழா. நம் மைக் செட்தான். நான் மைக்கைப் பிடித்தால் மேடைத் தமிழ்தான் வரும், “பக்தகோடிப் பெருமக்களே” என்றுதான் தொடங்குவேன். மைக்கை அணைத்த அடுத்த நொடி, “ஏலே, அந்த ஒயர மிதிக்காதலே” என்பேன். உன் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு நான் டீ குடிக்கப் போன நேரத்தில் நீ மைக்கை எடுத்துவிட்டாய். டீக்கடைக் கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் உன் குரல் வருகிறது: “ஆத்தூர் சனங்களே, ஒரு வெள்ளாட்டுக்குட்டி எங்க ஒயரத் தின்னுக்கிட்டு நிக்கிது. யாரு ஆடோ வெரசா வந்து புடிச்சிட்டுப் போங்க. இல்லாட்டி எங்கப்பா கறி போட்டுருவாரு.” கடையில் இருந்தவர்கள் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரில் கூப்பிட்டாலும், “மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க அப்பு” என்பார்கள். உன் குரல் கட்டைக் குரல். அடிவயிற்றிலிருந்து வரும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அடுத்த ஊர் வரைக்கும் போகும். ஒரு திருவிழா முழுக்க நீ பேசியதை ஒரு கேசட்டில் இரண்டு பக்கமும் பதிந்து வைத்தேன்.

அந்தக் கேசட் எங்கே என்று உன் அம்மா பிற்பாடு கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. உன் முதல் படத்தின் பாட்டுகள் வந்த வாரம், ஒரு கல்யாண வீட்டில் ‘நம்ம ஊருப் பிள்ளை நடிச்ச படம்’ என்று போட்டுக் காட்டுவதற்கு அவசரமாகப் பாட்டைப் பதிய வேண்டியிருந்தது. கையில் வேறு கேசட் இல்லை. உன் பேச்சின் மேலேயே பதிந்துவிட்டேன். அந்த வீட்டில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். எனக்கு அன்றைக்கு எதையும் அழித்துவிட்ட மாதிரியே தோன்றவில்லை. வாழ்நாள் பூராவும் குரலை வைத்துப் பிழைத்தவன் செய்த காரியம் இது.

நீ சினிமாவுக்குப் போன விதத்தை யோசித்தால் இன்னும் வயிறு எரிகிறது. சின்னாளபட்டியில் படப்பிடிப்பு. பாட்டு ஓடவிட ஸ்பீக்கர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நீ காலேஜில் இரண்டாம் வருடம், லீவுக்கு வந்திருந்தாய். மைக்கைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று, “ஹலோ, ஹலோ, கேக்குதா? கேக்குறவங்க கையத் தூக்குங்க” என்றாய். அங்கிருந்த டைரக்டர் நிஜமாகவே கையைத் தூக்கிக்கொண்டு, “யாருய்யா அது?” என்று திரும்பினார். உன் குரலைக் கேட்டுத்தான் திரும்பினார். திரும்பியதும் முகத்தைப் பார்த்தார். முகத்தை எடுத்துக்கொண்டார், குரலை அங்கேயே விட்டுவிட்டார். “படிப்ப முடிக்கட்டும்ங்க” என்று உன் அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். வாசல் தேடி வந்ததை எட்டி உதைக்கச் சொல்கிறாயா என்று அவள்மேல் விழுந்தேன். மைக் செட்டை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, உன்னோடு சென்னைக்கு வந்தேன். உன் கால்ஷீட் டைரி அன்றிலிருந்து என் கையில். உன் நாட்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன.

முதல் படத்தை நமக்குப் போட்டுக் காட்டினார்களே, அந்தச் சின்னத் தியேட்டரில் நீ எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். திரையில் நீ வாயைத் திறந்தாய். பட்டுத்துணி மாதிரி ஒரு குரல் வந்தது. உன் அம்மா உன்னைத் தாண்டி என் பக்கம் குனிந்து, “ஏங்க, பேசுறது யாரு? நம்ம புள்ள இல்லையே” என்றாள். “சும்மா இருடி, சினிமான்னா அப்புடித்தான்” என்றேன். அவள் அதற்குப் பிறகு படம் முடிகிறவரைக்கும் திரையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது, சவுந்தரம். எங்கே பிறந்தவள், யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத குரல். சினிமா ஆட்கள் என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் பிசினஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆளுக்கு, அந்தக் குரல் வெகு பொருத்தமாக இருந்தது. வீட்டிலும் உன்னைத் திருத்த ஆரம்பித்தேன். வாரேன் என்றால் வருகிறேன் என்று சொல் என்பேன். ஒருநாள் நீ, “எப்பா, வீட்டுலயாச்சும் செத்த நேரம் என்னய மாதிரி பேசிக்கிறேன்ப்பா” என்றாய். பழக்கம் விட்டுப்போய்விடும் என்று சொல்லி அதற்கும் நான் விடவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாத பாதி.

உன் ஆறாவது படம். ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே காய்கறி ஏற்றிக்கொண்டு அலைகிற ஒருத்தியின் கதை. ஆத்தூர் அணைப் பக்கம் ஒரு மாதம் படம் பிடித்தோம். அந்தப் படத்தின் தாடிக்கார டைரக்டர் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஐயா, இந்தப் படத்துக்கு உங்க பொண்ணுதான் டப்பிங் பேசணும். இந்தப் பேச்சு வேற யாருக்கும் வராது. முகத்தவிட அந்தக் குரல்தான் எனக்கு வேணும். ஒரு வாரம் ஒதுக்கிக் குடுங்க” என்றார். அதற்கு முந்தின நாள்தான் எடுத்த வரைக்கும் எங்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். படப்பிடிப்பில் நீ பேசினபோது பிடித்த குரல் அப்படியே அதில் இருந்தது. நீ வெளியே வேறு ஏதோ வேலையாக இருந்தாய், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஐந்து படத்துக்குப் பிறகு உன் குரலை ஸ்பீக்கரில் கேட்கிறேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் கூசிப்போனது. நம் வீடு, சுருட்டிப் போட்ட ஒயர், நான் லுங்கியோடு கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது, எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. இது வெளியே வந்தால் நாம் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகுமே என்றுதான் நினைத்தேன். வேறு காரணம் சொல்லலாம். பதினைந்து வருடமாக எனக்கு நானே வேறு காரணங்கள்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை இதுதான். உன் குரலைக் கேட்டு நான் வெட்கப்பட்டேன்.

டைரக்டரிடம் சொன்னேன்: “அவளுக்குத் தொண்டையில ஒரு கட்டி மாதிரி இருக்கு சார். டப்பிங்லாம் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவகிட்ட மட்டும் கேட்டுறாதீங்க, மனசு ஒடஞ்சிருவா.” அவர் முகம் விழுந்துபோனது. மறுநாள் காலை நீ மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாய். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்தப் படத்தில் நீயே பேசப்போகிறாய் என்று. நீயும் ஆசையாகத்தான் இருந்தாய். நான் உன் பக்கத்தில் வந்து நின்று, “ஒங்கொரல் படத்துக்கு ஆகாதாம் ஆத்தா. டைரக்டர் சொல்லிட்டாரு. அவருகிட்டப் போயிக் கேட்டுக்கிட்டு நிக்காத, பாவம், சங்கடப்படுவாரு” என்றேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். “இந்தப் படத்துக்குமாப்பா?” என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். வெளியே வந்தபோது டைரக்டர் உன்னைப் பார்த்தார். உனக்குத் தொண்டையில் கட்டி என்று நினைத்துக்கொண்டு பாவமாகப் பார்த்தார். உன் குரல் ஆகாது என்று சொல்ல முடியாமல்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். இரண்டு பேருமே நல்லவர்கள், கேட்கவில்லை.

அன்றைக்கு எடுத்தது அந்தக் கதையில் உன் அப்பன் செத்துக் கிடக்கிற காட்சி. நீ மேலே விழுந்து அழ வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் வேறு. நீ அதைச் சொல்லவில்லை. அந்த நடிகரின் சட்டையைப் பிடித்து உலுக்கி, “எப்பா… எங்கூட ஒரு வார்த்த பேசுப்பா” என்றாய். கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். எல்லாரும் வந்து என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அது நடிப்பு இல்லை என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

படம் வந்தது. வழக்கம்போல அந்த டப்பிங் அம்மாதான் உனக்குக் குரல் கொடுத்தார். அவரும் பாவம், நம் பேச்சைப் பேசிப் பார்த்திருக்கிறார், புடவைக்கு மேல் கோட்டுப் போட்ட மாதிரி இருந்தது. நெய்க்காரப்பட்டியில் விளம்பரத்துக்காகப் போனபோது, தியேட்டரை விட்டு வந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள். “ஏனுங்க, நீங்கதானுங்க அந்தப் புள்ளையோட அப்பா? மொகம் எங்க ஊட்டுப் புள்ளையாட்டவே இருக்குதுங்க. வாயத் தொறந்தா ஆரோ பேசறாங்கோ. ஒட்டவே இல்லீங்களே” என்றாள். பத்திரிகையில் விமர்சனம் எழுதினவர்களும் அதைத்தான் எழுதினார்கள். படம் இரண்டாவது வாரம் தாண்டவில்லை. அந்தத் தாடிக்கார டைரக்டர் அடுத்த படத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டார், அவள் சொந்தக் குரலில் பேசினாள், இன்றைக்கு அவளுக்கு எவ்வளவு பெரிய பெயர் என்று உனக்கே தெரியும். உனக்கு வந்தது கதாநாயகிக்கு அக்கா வேஷம். பிறகு அண்ணி. முப்பத்திரண்டு வயதில் காலேஜ் படிக்கிற பையனுக்கு அம்மா. அப்புறம் தெலுங்கு சீரியல். அதையெல்லாம் உன் தலையெழுத்து என்று உன்னிடம் சொன்னேன். தலையில் எழுதவில்லை, என் டைரியில் நான் எழுதினேன். உன் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. போனில் “ஹலோ” என்றால் அந்த அம்மாவைப் போலவே மெல்லமாகச் சொல்ல ஆரம்பித்தாய். நீ தேறிவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டேன்.

உன் அம்மா போனது உனக்குத் தெரிந்த பாதி. ஆனாலும் நீ அறியாத ஒன்று அதிலும் இருக்கிறது. நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம், நீ மட்டும் ஹைதராபாத்தில் சீரியலுக்காக இருந்தாய். உன் அம்மாவுக்கு வயிற்றில் வந்த நோய் இனிமேல் மருந்துக்குக் கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னேன். நீ கிளம்பி வந்துவிட்டால் சீரியலில் உன்னைச் சாகடித்துவிடுவார்கள், அதுதான் உனக்குக் கடைசி வேலை என்று பயந்தேன். “ஒருக்கா அவளப் பேசச் சொல்லுங்க. கேட்டுட்டுப் படுத்துக்கிறேன்” என்று அவள் தினமும் கேட்டாள். அவள் குரலைக் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று போனை நான் கொடுக்கவே இல்லை. அவள் ஓயாமல் கேட்டதால் ஒருநாள் டிவியில் உன் படத்தைப் போட்டு, இந்தா உன் மகள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “அது அவ இல்லைங்க” என்றாள். அதற்கு மறுநாள் போய்விட்டாள். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்று, “ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம்லப்பா” என்று கத்தினாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உன் சொந்தக் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியதும்.

போன மாதம் அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். டிவியில் உன் படக் குரல். நீ மறுபடி நடிக்க வந்துவிட்டாய் என்று ஓடினேன், கதவில் நெற்றி இடித்தது. முகத்தை டிவியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். நெய் விளம்பரம். இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்தக் குரலில் தோசை சுடுகிறாள். உன்னைக் கழற்றிவிட்டு வேறு முகத்தை மாட்டியிருக்கிறார்கள், குரல் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எனக்கு என்ன புத்தியோ, தெரிந்தவர் மூலமாக அந்த டப்பிங் அம்மாவின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். அவர் “ஹலோ” என்றதும் என்னை அறியாமல் “ஆத்தா” என்று சொல்லிவிட்டேன். யார் என்று சொன்னதும் அன்பாகத்தான் பேசினார். “ஐயா, அந்தக் காய்கறிக்காரி படத்துல வர்ற அழுகைய மட்டும் என்னால பேசவே முடியல. எத்தனையோ டேக் போனோம். கடைசில அந்த ஒரு வரிக்கு ஷூட்டிங்ல உங்க பொண்ணு பேசினதையே வெச்சிட்டாங்க. அவங்களே முழுசும் பேசியிருந்தா எங்கயோ போயிருப்பாங்க. தொண்டையில கட்டின்னு சொன்னாங்களே, இப்ப குணமாயிடுச்சா?” என்றார். குணமாகிவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். பதினைந்து வருடம் கழித்தும் என் பொய்க்கு யாரோ நலம் விசாரிக்கிறார்கள்.

பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடினேன். அத்தனை தடவை பார்த்தும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அப்போது பிடிபட்டது. அந்த அம்மாவின் பேச்சு வந்துகொண்டே இருக்கும். திடீரென்று சத்தம் மாறும். அணைக் காற்று மைக்கில் அடிக்கும், பின்னால் ஒரு காக்கை கத்தும். “எப்பா… எங்கூட ஒரு வார்த்த பேசுப்பா.” உடனே காற்றும் நின்று, காக்கையும் நின்று, அந்த அம்மாவின் குரல் தொடரும். நாலு விநாடி. பத்தொன்பது படத்தில் நீ இருப்பது அந்த நாலு விநாடிதான். அதை மட்டும் வெட்டி என் போனில் போட்டுத் தரச்சொல்லி வாங்கிவைத்திருக்கிறேன். கண் போனபிறகு என் மகள் என்று எனக்கு மிச்சம் இருக்கப்போவது அதுதான். அதில் நீ அழுகிறாய். ஏன் அழுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

பெற்றவன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை. இருந்தும் ஒன்று சொல்கிறேன். உனக்குப் பிள்ளை உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. இருந்தால், அது வாயைத் திறக்கும்போது திருத்தாதே. எப்படிப் பேசினாலும் பேசவிடு. பேசினதை எங்கேயாவது பதிந்து வை, அதன் மேல் வேறெதையும் பதியாதே. உன் குரலில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த டைரக்டர் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, உன் குரல்தான் வேண்டும் என்று கேட்டார். பதினைந்து வருடமாக நீ எதை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தாயோ, அது பொய். நான் சொன்ன பொய். இதைப் படித்த பிறகு நீ என்னிடம் வர மாட்டாய். கொஞ்சநஞ்சம் வந்திருக்கக்கூடிய மனசும் இதோடு போய்விடும். அது தெரிந்துதான் எழுதினேன். உனக்கு உன் குரல் திரும்பினால் சரி.

என் நம்பர் மாறவில்லை. அதே நம்பர்தான், உன் அம்மா உனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணவைத்த நம்பர். பேச வேண்டாம். திட்டு. நம் பேச்சில் திட்டு, என்ன வார்த்தை வருகிறதோ அதைச் சொல்லித் திட்டிவிட்டு வைத்துவிடு. அழுகை இல்லாத ஒரு வார்த்தை உன் குரலில் எனக்கு வேண்டும், அது நாசமாய்ப் போ என்று இருந்தாலும் சரி. நீ கூப்பிட மாட்டாய் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க இப்போது போனில் எழுத்து தெரிவதில்லை, அதனால் மணி அடித்தால் எடுத்தவுடன், “சொல்லு ஆத்தா” என்றுதான் சொல்கிறேன். நேற்று கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார், அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர், “சிலிண்டர் நாளைக்கு வருதுங்கய்யா” என்றார்.